எங்கள் ஓட்டுக்கு நீங்கள் வாக்குக் கொடுக்க வேண்டாம்

நியூ ஜெர்சியில் இயங்கும் தமிழ் அமைப்புகளின் தலைவர்களுக்கும் செயற்குழுவினருக்கும்,

2025 நவம்பர் 4 கவர்னர் தேர்தலுக்கு முந்தைய வாரங்களில் உங்கள் மேடைகளில் ஒரே வாசகம் திரும்பத் திரும்ப ஒலித்தது: "எங்கள் சமுதாயம் மொத்தமும் உங்கள் பின்னால் நிற்கிறது." அதைக் கேட்டுத் தலையாட்டியவர் சில ஊர்களில் டெமாக்ரட் அணிக்காரர், சில ஊர்களில் ரிபப்ளிகன் அணிக்காரர். பொன்னாடை போர்த்தினீர்கள், படம் எடுத்தீர்கள். அந்தப் படம் வாட்ஸ்அப் குழுக்களில் "நம்ம ஆளு" என்ற வரியோடு சுற்றியது. அந்த மொத்தத்தில் எங்களையும் சேர்த்து எண்ணியிருக்கிறீர்கள். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இந்த மடலை எழுதும் எங்களில் டெமாக்ரட்டாகப் பதிந்தவர்கள் இருக்கிறார்கள், ரிபப்ளிகனாகப் பதிந்தவர்கள் இருக்கிறார்கள், எதிலும் பதியாதவர்களும் இருக்கிறார்கள். தேர்தல் நாளில் வாக்குச் சாவடி மேசையில் உட்காருபவர்களும் உண்டு. ஒருவருக்குக் கட்சிப் பற்று இருப்பதில் எங்களுக்கு எந்த வருத்தமும் இல்லை. அந்தப் பற்றை நீங்கள் மொத்த வியாபாரமாக நடத்துவதும், ஓட்டுப் போடும் முறையை ஒருவருக்கும் சொல்லித் தராமல் விடுவதும்தான் எங்கள் குறை.

முதலில் மாநிலத்தின் கணக்கைப் பாருங்கள். 1992-லிருந்து அதிபர் தேர்தலில் நியூ ஜெர்சி ஒருமுறைகூட டெமாக்ரட்டைக் கைவிட்டதில்லை. இதே மாநிலம்தான் 1993-லும் 1997-லும் கிறிஸ்டீன் டாட் விட்மனையும், 2009-லும் 2013-லும் கிறிஸ் கிறிஸ்டியையும் கவர்னராக்கியது. இருவரும் ரிபப்ளிகன். 1961-க்குப் பிறகு ஒரே கட்சி தொடர்ந்து மூன்றாவது முறை கவர்னர் பதவியைப் பிடித்தது 2025-ல் டெமாக்ரட் மிக்கி ஷெரில் வென்றபோதுதான். பசேயிக் கவுன்டி (நம் ஊர் மாவட்டம் போன்றது) 2024-ல் டிரம்புக்கு விழுந்தது, அடுத்த ஆண்டே ஷெரிலுக்கு விழுந்தது. 1990-ல் டெமாக்ரட் கவர்னர் ஜிம் ஃப்ளோரியோ 280 கோடி டாலர் வரியேற்றி, டாய்லெட் பேப்பருக்கும் விற்பனை வரி போட்டார். 1993-ல் சுமார் 26,000 ஓட்டில் பதவியை இழந்தார். அவருடைய கட்சிக்காரர்கள் அந்த மூன்று ஆண்டுகளில் மாநிலத்தை விட்டுக் குடிபெயர்ந்துவிடவில்லை. இங்கேயேதான் இருந்தார்கள், வேறு ஆளுக்கு ஓட்டுப் போட்டார்கள். அதே ஃப்ளோரியோ 1981-ல் ரிபப்ளிகன் டாம் கீனிடம் தோற்றது 1,797 ஓட்டில். கவர்னர் தேர்தல் என்று வந்தால் கட்சியைத் தாண்டி யோசிப்பது இந்த மண்ணின் பழக்கம். நம் ஆட்களுக்கு மட்டும் அது துரோகம் என்று நீங்கள் கற்பிக்க வேண்டியதில்லை.

நம் ஆட்களின் கட்சிப் பற்று எங்கிருந்து வருகிறது என்பதும் உங்களுக்குத் தெரியும். ஊரில் சின்னத்தைப் பார்த்துக் குத்திய கை, இங்கே வந்ததும் கட்சிப் பெயரைத் தேடுகிறது. "எங்க வீடே இந்தக் கட்சிதான்" என்ற அதே வாக்கியம் விமானம் ஏறி நியூ ஜெர்சியின் எடிசன் ஊருக்கு வந்துவிட்டது. இதில் இன்னொரு குழப்பமும் சேர்கிறது. ஊரில் ஆளுநர் என்றால் டெல்லி நியமிக்கும் ஆள். இங்கே கவர்னர் என்பவர் முதலமைச்சருக்கு நிகர். ஒருவகையில் முதலமைச்சரைவிடவும் வலுவானவர்: சட்டமன்றம் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்து அவரை இறக்க முடியாது.

அந்த வலு எதில் இருக்கிறது என்று உங்கள் மேடைகளில் ஒருவராவது பேசியதுண்டா? நியூ ஜெர்சியில் மாநில அரசுப் பதவிகளில் மாநிலம் முழுவதும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பது கவர்னரையும் அவரோடு ஒரே ஜோடியாக நிற்கும் துணை கவர்னரையும் மட்டுமே. மாநிலத்தின் தலைமை அரசு வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரல் தேர்தலில் நிற்பதில்லை, அவரைக் கவர்னர் நியமிக்கிறார். மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஏழு பேரையும், குற்ற வழக்குகளை நடத்தும் கவுன்டி பிராசிக்யூட்டர்களையும், மின் கட்டணத்தை ஒழுங்குபடுத்தும் பொதுப் பயன்பாட்டு வாரியத்தின் ஐந்து உறுப்பினர்களையும் முன்மொழிவது அவரே. மாநிலச் சட்டமன்றத்தின் மேலவையான செனட் ஒப்புதல் தர வேண்டும், அவ்வளவுதான். பட்ஜெட்டில் பிடிக்காத வரியை மட்டும் அடிக்கும் உரிமை அவருக்கு உண்டு. ஒரு மசோதாவை "இப்படி இப்படித் திருத்திக் கொண்டுவா, கையெழுத்துப் போடுகிறேன்" என்று திருப்பி அனுப்பவும் முடியும். மசோதாவை நிராகரிக்கும் அவர் வீட்டோவை முறியடிக்க 40 பேர் கொண்ட செனட்டில் 27 ஓட்டும், 80 பேர் கொண்ட கீழவையான அசெம்பிளியில் 54 ஓட்டும் வேண்டும்.

இனி வாட்ஸ்அப்பில் ஓடிய விஷயங்களை இதோடு ஒட்டிப் பாருங்கள். 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி வேலை விசா மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று வாஷிங்டன் அறிவித்தது. அன்றிரவே கவர்னர் தேர்தல் பேச்சு முழுக்க அதுவாகிவிட்டது. எச்-1பி கட்டணத்திலும் கிரீன் கார்டு வரிசையிலும் கவர்னர் ஒரு காகிதத்தைக்கூட நகர்த்த முடியாது. அந்தக் கோபத்தைக் கவர்னர் ஓட்டில் காட்டுவது வாக்காளரின் உரிமை. இது வேறு கடைக்கு எழுதிய புகார் என்று தெரிந்துகொண்டு காட்டட்டும், அவ்வளவே. ஆனால் பிறப்புக் குடியுரிமை விஷயம் அப்படியல்ல. தற்காலிக விசாவில் இருக்கும் பெற்றோருக்கு இங்கே பிறக்கும் குழந்தைக்குக் குடியுரிமை இல்லை என்ற அதிபர் உத்தரவை எதிர்த்து 2025 ஜனவரி 21 அன்று பல மாநிலங்கள் வழக்குப் போட்டன. அதை முன்னின்று தொடுத்த மாநிலங்களில் நியூ ஜெர்சியும் ஒன்று. வழக்குப் போட முடிவெடுத்தவர் அட்டர்னி ஜெனரல், அவரை நியமித்தவர் கவர்னர். எச்-1பி குடும்பங்களைத் தொடும் ஒரு கூட்டாட்சி விவகாரம் கவர்னர் ஓட்டோடு இணைவது இந்த இடத்தில். ஆதரிப்பவர் ஆதரிக்கட்டும், எதிர்ப்பவர் எதிர்க்கட்டும். உங்கள் மேடையில் இது பேசப்படவே இல்லை என்பதுதான் எங்கள் வருத்தம்.

மின் கட்டணமும் இப்படித்தான். 2025 ஜூன் 1 முதல் வீட்டு பில் 17 முதல் 20 சதவீதம் ஏறியது. பி.ஜே.எம். என்ற பல மாநில மின்தொகுப்பு எதிர்காலத் தேவைக்காக நடத்தும் மின் உற்பத்தித் திறன் ஏலத்தில் விலை ஒரு மெகாவாட்டுக்கு நாளொன்றுக்கு 28.92 டாலரிலிருந்து 269.92 டாலருக்குத் தாவியது முக்கியக் காரணம். அந்த ஏலத்தை மேற்பார்ப்பது கூட்டாட்சி ஆணையம், மாநிலத் தலைநகரான டிரென்டன் அல்ல. ஷெரில் பதவியேற்ற நாளிலேயே அவசரநிலை அறிவித்துக் கட்டண உயர்வை நிறுத்துவேன் என்றார். ரிபப்ளிகன் வேட்பாளர் ஜாக் சிட்டரெல்லி, ரெஜி எனப்படும் பிராந்திய கார்பன் ஒப்பந்தத்திலிருந்து மாநிலத்தை வெளியே கொண்டுவருவேன் என்றார். அவசரநிலை அறிவித்தால் அந்தப் பணத்தை வேறு யார் கட்டுவது, ரெஜியை விட்டால் பில்லில் எத்தனை டாலர் குறையும் என்று இருவரையும் கேட்டிருக்க வேண்டும். கேட்கும் தூரத்தில் நின்றவர்கள் நீங்கள்தான். நீங்கள் கேட்டது செல்ஃபி.

வீட்டு வரி இன்னும் நேரடியானது. 2024-ல் மாநிலச் சராசரி வரி பில் 10,095 டாலர். அதில் பாதிக்கும் மேல் பள்ளிக்கும், மீதி டவுன்ஷிப்புக்கும் கவுன்டிக்கும் போகிறது. கவர்னர் உங்கள் வீட்டு வரி விகிதத்தை நிர்ணயிப்பதில்லை. ஆனால் பள்ளி மாவட்டங்களுக்குப் போகும் மாநில நிதியை அவருடைய பட்ஜெட்தான் பங்கிடுகிறது. அங்கே குறைந்தால் இங்கே ஏறும். ஆகவே கட்சியைவிடப் பயனுள்ள கேள்வி ஒன்று உண்டு: "எங்கள் பள்ளி மாவட்டத்துக்கு அடுத்த ஆண்டு மாநில நிதி எவ்வளவு?" மெட்ரோபார்க் ரயில் நிலையத்திலிருந்து தினமும் நியூயார்க் போகிறவர்களுக்கு இதைப்போல இன்னொன்று. 2024 ஜூலையில் நியூ ஜெர்சி டிரான்சிட் கட்டணம் 15 சதவீதம் ஏறியது, அதன் பிறகு ஆண்டுக்கு 3 சதவீதம் தானாக ஏறும்படி வைத்துவிட்டார்கள். அந்த வாரியத்தையும் அமைப்பது கவர்னர்தான்.

இத்தனையையும் நவம்பரில் மட்டும் யோசித்தால் தாமதம். கட்சிப் பற்று உண்மையில் சோதிக்கப்படும் இடம், கட்சியின் வேட்பாளரை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் ஜூன் மாத பிரைமரி. உங்கள் நாட்காட்டியில் சித்திரைக் கொண்டாட்டம் இருக்கிறது, கோடைக் கிரிக்கெட் போட்டி இருக்கிறது, பிரைமரி இல்லை.

2025 ஜூன் 10 டெமாக்ரட் பிரைமரியில் ஆறு பேர் நின்றார்கள்: ஷெரில், ராஸ் பராக்கா, ஸ்டீவன் ஃபுலப், ஜோஷ் காட்ஹைமர், ஷான் ஸ்பில்லர், ஸ்டீவ் ஸ்வீனி. ஷெரில் வென்றது ஏறக்குறைய 34 சதவீதத்தில். இங்கே இரண்டாம் சுற்று கிடையாது, அதிக ஓட்டு வாங்கியவர் வேட்பாளர். மூன்றில் இரண்டு பங்கு டெமாக்ரட்டுகள் வேறு ஆளைக் கேட்டிருக்கிறார்கள். நவம்பரில் அதே கட்சிக்காரர்கள் அவருக்கே ஓட்டுப் போட்டார்கள், அதில் தவறு இல்லை. ஆனால் "கட்சி யாரை நிறுத்துகிறதோ அவருக்கு" என்று சொல்லும் நம் ஆட்களுக்கு, கட்சி என்பது ஜூனில் ஓட்டுப் போட வந்தவர்களின் கூட்டம் மட்டுமே என்று யாராவது சொல்ல வேண்டாமா?

இந்த 2025 பிரைமரி இன்னொரு வகையிலும் முக்கியமானது. அதுவரை 21 கவுன்டிகளில் 19-ல் "கவுன்டி லைன்" என்ற வழக்கம் இருந்தது. கவுன்டி கட்சி நிர்வாகம் ஆதரித்தவர்களை, அதிபர் வேட்பாளரிலிருந்து டவுன்ஷிப் கவுன்சில் வரை, ஒரே வரிசையில் அழகாக அடுக்கி அச்சிடுவார்கள். ஆதரவில்லாதவர் எங்கோ மூலையில், பக்கத்தில் காலி இடத்தோடு தனியாக நிற்பார். வாக்காளர் கண் தானாக முழு வரிசையில் இறங்கும். 2024-ல் அமெரிக்க செனட் வேட்பாளராக இருந்த ஆன்டி கிம் வழக்குப் போட்டார். மார்ச் 29 அன்று கூட்டாட்சி நீதிபதி ஜாஹித் குரைஷி அந்த ஆண்டின் டெமாக்ரட் பிரைமரிக்கு அந்த முறையைத் தடுத்தார். 2025-ல் சட்டமன்றமும் சட்டத்தை மாற்றியது. இப்போது பிரைமரி பேலட்டில், அதாவது வாக்குச்சீட்டில், ஒவ்வொரு பதவிக்கும் தனிக் கட்டம், அதில் எல்லாப் பெயர்களும் ஒன்றாக. ஆனால் பெயருக்குப் பக்கத்தில் ஆறு சொல்லுக்குள் ஒரு வாசகம் அச்சிட இன்னும் அனுமதி உண்டு. கவுன்டி கட்சி நிர்வாகத்தின் பெயர் அங்கே வந்து உட்கார்ந்துகொள்கிறது. வரிசை போனாலும் வாலை விட்டுவிட்டுப் போயிருக்கிறது.

இதில் நம் ஆட்கள் இடறும் இடங்களை மேசைக்குப் பின்னால் உட்காருபவர்கள் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். எந்தக் கட்சியிலும் பதியாதவர் பிரைமரி நாளில் நேரே வந்து, எந்தக் கட்சிப் பேலட் வேண்டும் என்று சொல்லி, அங்கேயே ஓட்டுப் போடலாம். அந்தக் கணத்தில் அவர் அந்தக் கட்சியில் பதிவாகிவிடுவார். வேண்டாம் என்றால் பிறகு ஒரு படிவம் கொடுத்து வெளியே வந்துவிடலாம். ஏற்கெனவே ஒரு கட்சியில் பதிந்தவர் மறு கட்சியின் பிரைமரிக்கு மாற வேண்டுமென்றால் பிரைமரிக்கு 55 நாளுக்கு முன்பே கட்சி அறிவிப்புப் படிவம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அதாவது ஏப்ரல் முதல் பாதிக்குள். மே மாதம் விவாதம் பார்த்து மனம் மாறினால் பயனில்லை. தபாலில் ஓட்டுப் போடுபவர் கட்சி பதியாதவர் என்றால், பிரைமரிப் பேலட் தானாக வீட்டுக்கு வராது. எந்தக் கட்சி என்று எழுதிக் கொடுத்தால்தான் வரும். "எனக்கு அனுப்பவே இல்லை, நம்ம பெயரை நீக்கிவிட்டார்கள்" என்ற வதந்தி பாதிக்கு மேல் இதிலிருந்துதான் பிறக்கிறது.

இன்னொரு பயமும் இருக்கிறது: டெமாக்ரட் என்று பதிந்தால் நவம்பரிலும் டெமாக்ரட்டுக்குத்தான் போட வேண்டுமாம், மாறிப் போட்டால் தெரிந்துவிடுமாம். நவம்பரில் யாரும் யாருக்கும் போடலாம். நீங்கள் எந்தக் கட்சியில் பதிந்தவர், எந்தத் தேர்தலில் வந்தீர்கள் என்பது பொதுப் பதிவு. யாருக்குப் போட்டீர்கள் என்பது உங்களைத் தவிர எவருக்கும் தெரியாது. இந்த நான்கு வரியை உங்கள் விழா மலரின் ஒரு பக்கத்தில் போட்டிருந்தால் பலருக்கு உதவியிருக்கும். அந்தப் பக்கத்தில் ரியல் எஸ்டேட் விளம்பரம் வந்தது.

நவம்பர் பேலட் பிரைமரிப் பேலட்டைப் போல இருக்காது. கட்சிக்கு ஒரு வரிசை என்ற அமைப்பு அதில் தொடர்கிறது. முந்தைய அசெம்பிளித் தேர்தலில் மொத்த ஓட்டில் 10 சதவீதம் பெறாத கட்சிகளும் சுயேச்சைகளும் "மனுவால் நிறுத்தப்பட்டவர்கள்" என்ற தலைப்பில் ஒதுங்கி நிற்பார்கள். ஒரே தொடலில் முழுக் கட்சிக்கும் ஓட்டு விழும் பொத்தான் நியூ ஜெர்சியில் கிடையாது. ஒவ்வொரு பதவிக்கும் தனித்தனியாகத்தான் குறிக்க வேண்டும். ஒரே வரிசையில் கண்ணை மூடி இறங்குபவர்கள் இரண்டு இடத்தைத் தவறவிடுகிறார்கள். ஒன்று, வாக்காளரிடமே ஆமாம், இல்லை என்று முடிவு கேட்கும் பொதுக் கேள்விகள். இன்னொன்று, பள்ளி வாரியம். பள்ளி வாரியத் தேர்தலில் கட்சியே கிடையாது. வீட்டு வரியில் பாதியைச் செலவழிக்கும் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, கவர்னர் வரியைக் குறைக்கவில்லை என்று நான்கு ஆண்டு புலம்புகிறோம். தேர்தலுக்கு முன் மாதிரி பேலட் ஒன்று வாக்காளர் வீட்டுக்குத் தபாலில் வருகிறது. அதைப் பிரித்துச் சமையலறை மேசையில் வைத்துப் பேனாவால் குறித்துக்கொண்டு வந்தால் சாவடியில் இரண்டு நிமிட வேலை. பெரும்பாலும் அது பீட்சா கூப்பன்களோடு குப்பைக்குப் போகிறது.

தபால் ஓட்டில் வீணாகிப் போகும் ஓட்டுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பேலட்டை மடித்து உள் உறையில் போட வேண்டும். அந்த உறையோடு ஒட்டியபடி ஒரு சான்றிதழ்த் தாள் இருக்கும். பெயர், முகவரி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியது அதில்தான். அதைக் கிழிக்கக் கூடாது. பார்க்கக் கிழிக்கச் சொல்லி வைத்ததைப்போல இருக்கும், அதனாலேயே பலர் கிழிக்கிறார்கள். பிறகு எல்லாம் வெளி உறைக்குள். தேர்தல் நாளுக்குள் தபால் முத்திரை விழுந்து, தேர்தல் முடிந்த ஆறு நாளுக்குள் கவுன்டி தேர்தல் வாரியத்துக்குப் போய்ச் சேர வேண்டும், இல்லையென்றால் தேர்தல் நாள் இரவு 8 மணிக்குள் தபால் ஓட்டுக்கான அரசின் பெட்டியில் போட வேண்டும். வாக்குச் சாவடியில் கொண்டுவந்து கொடுத்தால் வாங்க மாட்டார்கள். தபால் ஓட்டுக் கேட்டவர் மனம் மாறிச் சாவடிக்கு வந்தால் இயந்திரம் கிடையாது, சரிபார்த்த பிறகே எண்ணப்படும் தற்காலிகப் பேலட்தான்.

கையெழுத்துதான் நம் ஆட்களின் தனிச் சிக்கல். பதிவின்போது ஆங்கிலத்தில் கிறுக்கியவர் உறையில் பெருமையாகத் தமிழில் போடுகிறார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாரியம் பொருந்தவில்லை என்று ஒதுக்கும். ஒதுக்கினால் உடனே ஒரு கடிதம் அனுப்புவார்கள். அதில் உள்ள படிவத்தை நிரப்பிக் கெடுவுக்குள் திருப்பி அனுப்பினால் ஓட்டு உயிர் பெறும். அரசுக் கடிதம் என்றதும் "ஏதோ விளம்பரம்" என்று ஒதுக்குபவர்கள் அங்கேயே ஓட்டை இழக்கிறார்கள். பெயரும் அப்படித்தான். அப்பா பெயர் எங்கே, நம் பெயர் எங்கே என்று பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, ஓட்டுநர் உரிமத்தில் ஒரு மாதிரி, சிலருக்கு முதற்பெயர் தெரியாது என்பதன் சுருக்கமான எஃப்.என்.யூ. இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பதிவுப் படிவத்தில் உரிமத்தில் உள்ளபடியே எழுதுங்கள் என்று ஒருவர் சொன்னால் போதும். பொருந்தாமல் போனால் முதல்முறை அடையாள அட்டை கேட்பார்கள்.

வீடு மாறுவதும் கவனிக்க வேண்டியது. பிளெயின்ஸ்போரோ அபார்ட்மென்டிலிருந்து வெஸ்ட் வின்ட்சரில் வீடு வாங்கிப் போகும் குடும்பங்கள் எத்தனை! இரண்டு ஊருக்கும் பள்ளி மாவட்டம் ஒன்றுதான், ஆகவே எதுவும் மாறவில்லை என்று நினைக்கிறார்கள். ஆனால் பிளெயின்ஸ்போரோ மிடில்செக்ஸ் கவுன்டி, வெஸ்ட் வின்ட்சர் மெர்சர் கவுன்டி. தேர்தலுக்கு 21 நாளுக்கு முன் புதிய கவுன்டியில் பதிய வேண்டும். ஒரே கவுன்டிக்குள் மாறியவருக்காவது புதிய முகவரிக்கான சாவடியில் தற்காலிகப் பேலட் உண்டு.

இதுவரை சொன்னவற்றில் இழப்பு ஓர் ஓட்டு. அடுத்துச் சொல்வதில் இழப்பு ஒரு குடும்பம் இந்த நாட்டில் இருக்கும் உரிமை.

உங்கள் விழாக்களில் வாசலருகே வாக்காளர் பதிவு மேசை போடுகிறீர்கள். நல்ல நோக்கம்தான். கூட்டத்தில் பாதிப் பேர் எச்-1பி, எச்-4, கிரீன் கார்டு. உற்சாகத் தொண்டர் "இதையும் நிரப்புங்க அண்ணா" என்று படிவத்தை நீட்டுகிறார். முதல் கேள்வியே அமெரிக்கக் குடிமகனா என்பது. கவனிக்காமல் ஆமாம் என்று குறித்துக் கையெழுத்துப் போட்டால், அது குடியுரிமை பற்றிய பொய் உரிமைகோரல். நாடுகடத்தல் வரை போகும், கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கும் விலக்கில்லை. பிறகு குடியுரிமைக்கான என்-400 படிவத்தில் "எப்போதாவது வாக்காளராகப் பதிந்தீர்களா, ஓட்டுப் போட்டீர்களா" என்ற கேள்வி காத்திருக்கிறது. 2018-லிருந்து மோட்டார் வாகன அலுவலகத்திலும் பதிவு தானாக நடக்கும் ஏற்பாடு இருப்பதால், அங்கேயும் திரையைப் படிக்காமல் அழுத்துவது ஆபத்து. பதிவு மேசையில் முதலில் கேட்க வேண்டியது பெயரை அல்ல, குடியுரிமையை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாதவர் கையில் படிவமே போகக் கூடாது.

நன்கொடை விருந்துகள் அடுத்தது. கூட்டாட்சிச் சட்டப்படி வெளிநாட்டவர் எந்தத் தேர்தலுக்கும் பணம் கொடுக்க முடியாது. மாநிலத் தேர்தல், ஊர்த் தேர்தல் எல்லாம் அதில் அடக்கம். கிரீன் கார்டு வைத்திருப்பவர் கொடுக்கலாம். எச்-1பியில் இருப்பவர் கொடுக்கக் கூடாது, மனைவி பெயரிலும் நண்பர் பெயரிலும் கொடுக்கக் கூடாது. "நம்ம டேபிள் நிரம்பணும்" என்று சொல்லி இளம் பொறியாளர்களிடம் டிக்கெட் விற்பவர்கள் அவர்களை எதில் மாட்டிவிடுகிறோம் என்று தெரிந்து விற்கிறார்களா?

கடைசியாக நீங்களே மாட்டியிருக்கும் இடம். உங்களில் பலர் 501(சி)(3) வரிவிலக்குப் பெற்ற அமைப்புகள். 1954-லிருந்து அந்தப் பிரிவில் ஒரு விதி உண்டு: எந்த வேட்பாளருக்கும் ஆதரவாகவோ எதிராகவோ பிரசாரத்தில் இறங்கக் கூடாது. வாக்காளர் பதிவு நடத்தலாம், விவாதம் நடத்தலாம், எல்லா வேட்பாளரையும் அழைத்து ஒரே கேள்விகளைக் கேட்கலாம். தலைவர் தன் சொந்த நேரத்தில், அமைப்பின் பெயரைச் சொல்லாமல், யாரை வேண்டுமானாலும் ஆதரிக்கலாம். அமைப்பின் மேடையில் அமைப்பின் பதாகைக்குக் கீழ் "சமுதாயம் மொத்தமும் உங்களோடு" என்று சொன்னால், வரிவிலக்கையே பணயம் வைத்துப் பேசுகிறீர்கள். அந்த வரிவிலக்கில்தான் நம் பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளிகளும் ஓடுகின்றன.

ஆகவே எங்கள் கோரிக்கைகள்.

அமைப்பின் பெயரால் எந்த வேட்பாளருக்கும் ஆதரவு சொல்வதில்லை என்று உங்கள் செயற்குழுவில் தீர்மானம் போட்டு, தீர்மானத்தை உறுப்பினர்களுக்கு அனுப்புங்கள். 2025-ல் அப்படிச் சொல்லியிருந்தால், அது அமைப்பின் நிலைப்பாடு அல்ல என்று அந்த வேட்பாளர் அணிக்கு ஒரு வரி எழுதுங்கள்.

ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி முடிவதற்குள் தமிழில் ஒரே தாளில் அச்சிட்டுக் கொடுங்கள்: 55 நாள் கெடு, 21 நாள் கெடு, கட்சி பதியாதவர் பிரைமரியில் என்ன செய்வது, தபால் உறைகள் எந்த வரிசையில், கையெழுத்துத் திருத்தக் கடிதம் வந்தால் என்ன செய்வது, கவுன்டி மாறினால் என்ன செய்வது. பிரைமரி முடிந்த பிறகு கொடுக்கும் தாள் எங்களுக்கு வேண்டாம். வீட்டில் 17 வயதுப் பிள்ளை இருந்து, நவம்பர் தேர்தலுக்குள் 18 நிரம்பும் என்றால், 2026 முதல் பிரைமரியில் ஓட்டுப் போடலாம் என்பதையும் அதில் சேருங்கள்.

பதிவு மேசையில் குடியுரிமைக் கேள்வியை முதலில் கேட்கப் பயிற்சி பெறாத தொண்டரை உட்கார வைக்காதீர்கள். படிவத்தை அவரவர்தான் நிரப்ப வேண்டும். தபால் ஓட்டு உறைகளை விழாவில் மொத்தமாகச் சேகரிக்காதீர்கள். ஒருவர் மற்றவர்களுக்காக மூன்று உறை வரை எடுத்துப் போகலாம், ஒரே வீட்டில் வாழும் நெருங்கிய குடும்பத்தினர் என்றால் ஐந்து, அதற்கு மேல் சட்டவிரோதம். நன்கொடை டிக்கெட் விற்கும் எந்த நிகழ்ச்சிக்கும் அமைப்பின் மின்னஞ்சல் பட்டியலைக் கொடுக்காதீர்கள்.

2027-ல் சட்டமன்றத்தின் இரண்டு அவைகளுக்கும் தேர்தல். 2029 நவம்பர் 6 அன்று கவர்னர் தேர்தல். இரண்டிலும் பிரைமரிக்கு முன்பு ஒரு கூட்டம், நவம்பருக்கு முன்பு ஒரு கூட்டம் நடத்துங்கள். எல்லா வேட்பாளருக்கும் ஒரே நாளில் அழைப்பு, ஒரே ஐந்து கேள்விகள்: பள்ளி நிதி, பொதுப் பயன்பாட்டு வாரியத்துக்கு யாரை நியமிப்பீர்கள், டிரான்சிட் கட்டணம், அட்டர்னி ஜெனரலாக எப்படிப்பட்டவர், பட்ஜெட்டில் எதை அடிப்பீர்கள். வர மறுத்தவரின் நாற்காலியைக் காலியாகவே வைத்துக் கூட்டத்தை நடத்துங்கள். பொன்னாடை வேண்டாம்.

இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்று அடுத்த பிரைமரிக்கான 55 நாள் கெடுவுக்கு முன்பு உறுப்பினர்கள் அனைவரும் பார்க்கும்படி எழுத்தில் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
கட்சியில் பதிந்தவர்களும் பதியாதவர்களுமான நியூ ஜெர்சித் தமிழ் வாக்காளர்கள் சிலர்